நத்தாருக்கு வாங்கிய பெட்டி

அந்த வருடம் மார்கழி பிறந்த பிறகும் எனக்குத் தோள் வலி விடவில்லை. யுத்தத்தால் மின்சாரம் நின்று சில வருடங்களாகியிருந்தன. மண்ணெண்ணெய் வருவதும் குறைந்துபோனதால் நீர் இறைக்கும் மெஷின் கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்திக் கிடந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கையால் அள்ளி இறைத்தே கோடை முழுவதும் போனது. மழை வந்தால் தோள் ஆறும் என்று நினைத்திருந்தேன். மழை வந்ததும் பாத்திகளில் நின்ற வெள்ளத்தை வெட்டிவிடும் வேலை வந்தது. சுன்னாகத்துச் செம்மண் நனைந்தால் மண்வெட்டியை விடாது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு கை மண்ணை வழித்து எறிய வேண்டும்.

அப்படி ஒரு நாள் பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் மனைவி வந்து சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நத்தாருக்கு நாங்கள் அங்கை ஏதும் குடுக்கோணும்."

கேட்காததுபோல இன்னொரு வாளி அள்ளினேன். அங்கை என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். பண்டத்தரிப்பில் ஒரு வேதக்காரப் பெடியனை விரும்பிக் கட்டினாள். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், கிறிஸ்துமஸை நத்தார் என்போம். கலியாணம் அவர்களுடைய கோயிலில் நடந்தது. அவர்கள் எங்களை முறையாக வந்து அழைக்கவில்லை, நாங்கள் போகவுமில்லை. யார் முதலில் முகத்தைத் திருப்பியது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சண்டை பிடிக்கவும் ஒரு தெம்பு வேண்டும். எங்களிடம் அது இருக்கவில்லை. வெறுமனே போக்குவரத்து நின்றுபோயிற்று.

இப்போது மகள் பிள்ளைத்தாய்ச்சி. மாசியில் பிள்ளை பிறக்கும் என்று சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறுவதுதான் எங்கள் வழக்கம், அவர்களுடைய வழக்கமும் அதுதான். ஆனால் மருமகனின் தாய், "பிள்ளை இஞ்சைதான் பிறக்கும். அங்கை விட்டால் திருநீறு பூசி, பேரும் வைச்சுத்தான் அனுப்புவினம்" என்று சொன்னதாகவும் அதே சந்தைக் கதை வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இரவும் பகலும் ஒரே நினைப்பு, மகளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும்.

"ஆர் கொண்டுபோறது?" என்றேன்.

"வேறை ஆர்? நீங்கள்தான்."

"நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?"

"நீங்கள் கதைக்கவேண்டாம். கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்னோடை நீங்கள் கதைச்சதெல்லாம் ஒரு சுண்டுக்குள்ளை கொள்ளும். வடிவான பெட்டி ஒண்டிலை வைச்சுக் குடுங்கோ. மிச்சத்தைப் பெட்டி கதைக்கும்."

கொடுக்கிற சாமானை அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். தனக்கென்று வாங்கி ஒரு நாளும் உடுக்காமல் றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்த மாம்பழ நிறச் சேலை சம்பந்திக்கு. வீட்டில் உடுக்க ஒரு சாரம் மருமகனுக்கு. கையால் தைத்த ஒரு தொளதொளத்த வீட்டுச் சட்டை, சோட்டி என்போம், மகளுக்கு. அவற்றை எதில் வைத்துக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எங்களுக்குள் கொடுப்பதென்றால் யோசனையே இல்லை. பனையோலையில் இழைத்த மூடல்பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்குள் பணியாரத்தைப் போட்டு, மூடியை அமத்தி, எடுத்துக்கொண்டு போவோம். பெட்டியை வெறுமையாகத் திருப்பித் தருவதும் எங்கள் ஊரில் இல்லை. ஒரு பிடி அரிசியோ, ஒரு தேங்காயோ, ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு முருங்கைக்காயோ வைத்துத்தான் தருவார்கள். அதனால் ஒரே பெட்டி வருடம் முழுவதும் இரண்டு வீட்டுக்கும் இடையில் போய் வந்துகொண்டேயிருக்கும்.

ஆனால் மனைவி இளவயதில் ஒரு வேதக்கார வீட்டில் நத்தார் நாளில் மினுங்குகிற கடதாசி சுற்றி ரிபன் கட்டிய பெட்டிகளைக் கண்டிருந்தாள். அது அவளுடைய கண்ணைவிட்டுப் போகவில்லை.

"ஓலைப்பெட்டியிலை கொண்டுபோனால் தோட்டக்காரர் வந்திட்டினம் எண்டு சிரிப்பினம்," என்றாள். "வெள்ளைப் பெட்டி வேண்டாம். கறுப்பும் வேண்டாம். நல்ல நிறமாய்ப் பாருங்கோ."

சுன்னாகத்தில் ஒரு பான்சிக் கடை இருந்தது. முந்திய காலத்தில் நத்தார் வந்தால் கொழும்பிலிருந்து பொன்நிற நட்சத்திரம் போட்ட பெட்டிகள் வந்து கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். இப்போது தட்டுகளில் தூசிதான் இருந்தது. ஒரு பக்கத்தில் சீப்பு, இன்னொரு பக்கத்தில் ஊரில் செய்த ஊதுபத்தி. நான் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். கடைக்குள் ஆள் இருந்தால் எனக்கு உள்ளே போக வராது. ஆள் போகட்டும் என்று நிற்பேன். அவர் போவதற்குள் இன்னொருவர் வந்துவிடுவார்.

"என்ன அண்ணை, கடைக்குக் காவல் நிக்கிறியளோ?" கடைக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். பெரிய உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. "களவெடுக்க இஞ்சை ஒண்டும் இல்லை. பயப்பிடாமல் உள்ளை வாங்கோ."

போனேன். நத்தாருக்குச் சம்பந்தி வீட்டுக்குச் சேலை வைத்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் எனக்கே கேட்கவில்லை.

அவர் பின்பக்கம் போய் இருந்த பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு சப்பாத்துப் பெட்டி. மூலையில் கறள் பிடித்த பிஸ்கற் ரின். குழந்தைப்பால்மா வந்த மட்டைப்பெட்டி ஒன்று, பக்கத்தில் எலி கடித்திருந்தது. பிறகு துணிக்கடைக்குச் சேலைக்கட்டு வந்த வெள்ளைப் பெட்டி, ஒரு கை நீளம், ஒரு சாண் உயரம், மூடியோடு. நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். சப்பாத்துப் பெட்டிதான் கொஞ்சம் உறுதியாக இருந்தது.

"அதை வையுங்கோ அண்ணை," என்றார் அவர். "சம்பந்திக்குச் சீலையைச் சப்பாத்துப் பெட்டியிலை குடுத்தியள் எண்டால், மனிசி சப்பாத்தும் உள்ளுக்கை இருக்கெண்டு தேடும், உங்களுக்கு எறியிறதுக்கு."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வெள்ளைப் பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் நல்ல காரியத்துக்கு வெள்ளையை எப்படிக் கொண்டுபோவது? பிறகு வாறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

"ஒரு பெட்டி எடுக்கத் தெரியேல்லை," என்றாள் மனைவி. "பொம்பிளை பாக்க வந்தண்டைக்கும் இப்பிடித்தான் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். நான் குருடியோ நொண்டியோ எண்டாலும் உங்களுக்குத் தெரிஞ்சிராது."

மறுநாள் மழை விட்ட நேரம் பார்த்துத் திரும்பவும் போனேன். தோள் வலியில் சைக்கிள் கைபிடியைப் பிடிக்கவே மனமில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் வெள்ளைப் பெட்டியை எடுத்து முன்னுக்கு வைத்தார்.

"இதுக்கு நிறக்கடதாசி சுத்துவம். வெள்ளை தெரியாது. சரியோ?"

அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. தலையாட்டினேன்.

"நிறம்தான் கஷ்டம் அண்ணை. நத்தார் எண்டு சனம் சிவப்பையும் பச்சையையும் அள்ளிக்கொண்டு போட்டுது. மஞ்சளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வாங்கிப்போட்டுதுகள். கறுப்பும் ஊதாவும்தான் கிடக்கு. கறுப்பு உங்களுக்கு வேண்டாம்."

சுருளாக இருந்த கிறேப் கடதாசியை மேசையில் விரித்தார். எனக்கு அது பிஞ்சுக் கத்தரிக்காயின் நிறமாகத் தெரிந்தது. விடியற்காலையில் தோட்டத்தில் பனியோடு பறித்தால் கையில் ஒரு மினுக்கம் இருக்குமே, அது. அந்த மாதம் முழுவதும் நான் கண்ட நிறங்களுக்குள் அதுதான் நல்ல நிறம். வேதக்காரர் வந்து எல்லா நிறமும் வாங்கிப்போன கடையில் கறுப்போடு இதுவும் ஏன் மிஞ்சிக் கிடந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கடைக்காரர் கோதுமைமாப் பசை பூசி, சுருக்கம் விழாமல் ஒட்டினார். பெரிய விரல்கள், ஆனால் வேலை நறுவிசு. எங்கிருந்தோ ஒரு வெள்ளிநிற ரிபன் துண்டையும் தேடி எடுத்தார். சாமான்களை வைத்த பிறகும் பெட்டியைத் திறந்து மூடக்கூடிய மாதிரி, மூடியில் மட்டும் அதை நெடுக்கும் குறுக்குமாக ஒட்டினார். நடுவில் ஒட்டுவார் என்று பார்த்தேன். குறுக்கு ரிபனை மேற்பக்கமாகத் தள்ளி ஒட்டினார்.

"வேதக்காரருக்கல்லோ கொண்டுபோறியள்," என்றார். "சிலுவை மாதிரி வைச்சிருக்கிறன். பாத்தவுடனை அவைக்கு மனம் குளிரும்."

அந்த மனிதர் அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை. நானும் மனம் குளிர்ந்துதான் வந்தேன்.

மனைவி லாம்பைக் கிட்ட வைத்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். "வடிவாய்க் கிடக்கு," என்றாள். அவளுடைய வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து கனகாலம். சேலையையும் சாரத்தையும் சோட்டியையும் மடித்து, தோய்த்துக் காயவைத்த என் பழைய வேட்டித் துண்டொன்றில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பயற்றம் பணியாரமும் சுட்டிருந்தாள். அதற்கு எண்ணெய் தேடியது தனிக்கதை. பணியாரத்தைக் கடதாசியில் சுற்றி மூடல்பெட்டிக்குள் வைத்து, "இதை அவையின்ரை பாத்திரத்திலை குடுத்திட்டு, ஓலைப்பெட்டியைக் கையோடை கொண்டு வந்திடுங்கோ. எங்களிட்டை இது ஒண்டுதான் மிச்சம்," என்றாள்.

பிறகு வாசலில் நின்று, நான் சொல்ல வேண்டிய வசனத்தையும் சொல்லித்தந்தாள். "தலைப்பிள்ளையைப் பெற மகளை எங்கடை வீட்டை விடுங்கோ. இவ்வளவுதான். இதைச் சொல்லாமல் வந்திடாதையுங்கோ."

நத்தாருக்கு முதல் நாள் காலை புறப்பட்டேன். நிறப்பெட்டி கரியரில், பழைய ரியூப் துண்டால் கட்டி, மேலே ஒரு பொலித்தீன். ஓலைப்பெட்டி பைக்குள் கைபிடியில் தொங்கியது. அந்த வசனத்தை மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டு போனேன். சண்டிலிப்பாய் தாண்ட ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. வீதியில் போன எல்லோரும் சைக்கிளைவிட்டு இறங்கி வேலிக்கரையோடு நின்றோம். அது போன பிறகு ஏறினோம். அப்போதுதான் மழை பிடித்தது. காற்றோடு வந்த மழை. பொலித்தீன் ஒரு பக்கம் கிளம்பிப் படபடவென்று அடித்தது. பார்ப்பதற்கு இறங்கினால் இன்னும் நனையும் என்று மிதித்தேன்.

பண்டத்தரிப்புக்குக் கிட்டச் சைக்கிள் சங்கிலி கழன்றது. நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு சைக்கிள் திருத்துகிற கடை. வாசலில் கடதாசி ஒட்டிய நட்சத்திரக்கூடு தொங்கியது, உள்ளே விளக்கில்லை. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூரைக்குக் கீழே போனதும், மரவாங்கில் உட்கார்ந்திருந்த வயதானவர் எழுந்து நின்றார். நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார். சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த கடைக்காரரும் பம்பை விட்டுவிட்டு எழும்பினார். புது ஆளுக்கு இவர்கள் இப்படித்தான் மரியாதை செய்வார்களாக்கும் என்று நானும் தலையைக் குனிந்தேன்.

"எங்கையிருந்து அண்ணை வாறியள்?" கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"சுன்னாகம்."

"இந்த மழைக்குள்ளையோ? ஒரு வான் பிடிக்க ஏலாமல் போச்சோ?"

"பாரமில்லைத்தானே. சைக்கிளிலை கொண்டு வரலாம் எண்டு..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எப்ப மோசம் போனது?" என்று கேட்டார் வயதானவர்.

எனக்கு விளங்கவில்லை. கரியரைத் திரும்பிப் பார்த்தேன். பொலித்தீன் எப்போதோ பறந்துவிட்டது.

"ஒருத்தரும் செத்துப்போகேல்லை," என்றேன். "அது நத்தார்ப் பெட்டி. என்ரை மகளின்ரை வீட்டுக்குக் கொண்டுபோறன்."

 பிறகு வயதானவர் வாங்கில் தொப்பென்று இருந்தார்.

"அட ஆண்டவரே! நான் செத்த ஆத்துமாவுக்கெண்டு ஒரு பர மண்டல மந்திரமும் பாதி சொல்லிப்போட்டன்."

கடைக்காரர் சிரிக்கப் போய் என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "நீங்கள் சைவம், என்ன அண்ணை? உங்களுக்குத் தெரிஞ்சிராது. எங்கடை ஆக்கள் ஊதா சுத்தி வெள்ளியிலை சிலுவை வைக்கிறது செத்தவீட்டுக்குத்தான். அதுவும் இந்தளவு நீளத்திலை எண்டால் ஒரு சின்னப்பிள்ளையின்ரை..." முடிக்காமல் விட்டார். பிறகு, "மகளுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்றார்.

"இப்பதான். மாசியிலை."

"கழட்டுங்கோ அண்ணை. இதிலை வைச்சே கழட்டுங்கோ."

 அப்படிப்பட்ட சின்னப் பெட்டிகள் அந்த வருடங்களில் எங்கள் ஒழுங்கையாலும் போயிருக்கின்றன. அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன், சிரித்துக்கொண்டு. கரியரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாமென்றுதான் இருந்தது. ஆனால் திரும்பி மிதிக்க வேண்டிய தூரத்தை நினைத்தபோது அதற்கும் உடம்பில் பலமில்லை.

மூன்று பேருமாகக் கடதாசியைக் கிழித்தோம். நனைந்த கிறேப் கடதாசி கையோடு கரைந்து வந்தது. என் விரல்கள், வேட்டி, கரியர் எல்லாம் ஊதா. பெட்டியின் மட்டை ஊறி அடிப்பக்கம் கழன்றது. பதறிக்கொண்டு திறந்து பார்த்தேன். சேலைக்கு ஒன்றுமில்லை. சுற்றியிருந்த வேட்டித் துண்டின் ஒரு மூலைதான் சாயம் குடித்திருந்தது.

"இனி எதுக்கை வைக்கிறது?" என்றேன். யாரிடமும் கேட்டதாக இல்லை.

கடைக்காரர் கைபிடியில் தொங்கிய பையைப் பார்த்தார். "உது மூடல்பெட்டிதானே. அதுக்கை வையுங்கோ."

"நத்தார்ச் சாமானை ஓலைப்பெட்டியிலையோ குடுக்கிறது?" என்றார் வயதானவர்.

"ஏனப்பு, மாட்டுத்தொழுவத்திலை பிறந்தவர் ஓலைப்பெட்டிக்கோ குறை சொல்லப்போறார்? நீங்கள் வையுங்கோ அண்ணை."

பணியாரம் கீழே, துணிமூட்டை மேலே. மூடி முழுக்க இறங்கவில்லை. சங்கிலியை மாட்டித்தந்த கடைக்காரர், ஓலைப்பெட்டியை மூட ஒரு சீமெந்துப் பையும் தந்தார்.

மகளின் வீட்டுப் படலையில் மணி அடித்துவிட்டு நின்றேன். கதவைத் திறந்தது சம்பந்தி. கழுத்தில் செபமாலை, ஒடிசலான மனுஷி, பார்வை மட்டும் கூர்மை. என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"வாங்கோ," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "பிள்ளை, கொப்பர் வந்திருக்கிறார். துவாய் எடுத்துக்கொண்டு வா."

மகள் வந்தாள். வயிறு பெரிதாக இருந்தது. முகம் வாடியிருந்தது. துவாயைத் தந்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள். என் கண் அவளுடைய காலுக்குத்தான் போனது. வீங்கியிருந்தது. மருமகன் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். மூலையில் வைக்கோல் பரப்பிப் பாலன் குடில் கட்டியிருந்தார்கள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

சம்பந்தி என்னோடு நேராகக் கதைக்கவில்லை. "தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேள் பிள்ளை. சீனி இல்லை, பனங்கட்டிதான் எண்டும் சொல்லு." நான் ஓம் என்றேன். "எங்கடை வீட்டிலை குடிப்பாராமோ?" நான் திரும்பவும் ஓம் என்றேன். தேநீர் வந்தது. குடித்தேன். அதன் பிறகு ஓலைப்பெட்டியைத் தூக்கி நீட்டினேன். மனதுக்குள் அந்த வசனம் தயாராக இருந்தது.

"நத்தாருக்கு," என்றேன். வசனம் அதோடு நின்றுவிட்டது.

அவர் மூடியைத் தூக்கினார். துணியை எடுத்தார். ஊதா மூலையில் அவருடைய கை நின்றது.

"இதென்ன நிறம்?"

"மழை," என்றேன்.

"சுன்னாகத்திலை மழை ஊதாவாயோ பெய்யுது?"

மகள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி என் விரல்களையும் வேட்டியையும் பார்த்தார். கரியரில் ஒட்டியிருந்த வெள்ளி ரிபன் துண்டையும் வாசலால் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.  சேலையை மடியில் விரித்தார். கரையைத் தடவிப் பார்த்தார். "வீட்டுக்காரி தனக்கெண்டு வைச்சிருந்ததாக்கும்," என்றார். அது எப்படித் தெரிந்ததோ தெரியாது. பிறகு பெட்டியோடு எழுந்து குசினிக்குள் போனார்.

நான் காத்திருந்தேன். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெட்டியைக் கேட்க என்னால் முடியவில்லை. மழையைப் பற்றி இரண்டு சொல், விதைவெங்காயம் அழுகுவதைப் பற்றி ஒரு சொல். அவ்வளவோடு எழும்பிவிட்டேன்.

மகள் படலை வரை வந்தாள். "அம்மா ஏதும் சொல்லிவிட்டவவோ, அப்பா?"

"ஓம்," என்றேன். "சொல்ல வரேல்லை."

அவள் என் ஊதா விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி முதலில் பார்த்தது என் முகத்தை. இரண்டாவது, கைபிடியில் தொங்கிய வெறும் பையை.

"சொன்னனீங்களோ?"

சைக்கிளைச் சுவரோடு சாத்தினேன்.

"சரி. பெட்டி எங்கை?"

"அங்கை."

"ஊமைப் பிள்ளையார் மாதிரிப் போய் இருந்திட்டு, இருந்த ஒரு பெட்டியையும் குடுத்திட்டு வந்து நிக்கிறார்!" என்று தொடங்கி, கிணற்றடி வரை வந்து பேசினாள். ஊதா வேட்டியைக் கண்ட பிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுத்தாள். சின்னப்பெட்டி என்ற இடத்தில் அவள் வாயில் கை வைத்தாள்.  படுக்கப் போகும்போதுதான் மெதுவாகச் சொன்னாள். "பெட்டியை அவ உடனை தராததும் நல்லதுதான். தந்தாலல்லோ முடிஞ்சுது."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வேதக்காரரென்றாலும் இந்த ஊர்ச் சனம்தானே, வெறும் பெட்டி திருப்பித் தர மாட்டார்கள் என்று அவள் ஒரு நாள் சொல்வாள். இன்னொரு நாள், யார் கையிலாவது வெறுமனே கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பாள். அப்படி வந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். படலையில் யார் நின்றாலும் அவளுடைய கண் கைக்குத்தான் போகும். நத்தார் போயிற்று. வருடம் பிறந்தது. வெங்காயம் நட்டோம். பொங்கலுக்குப் பணியாரம் வைக்கப் பெட்டியில்லாமல் சட்டியில் வைத்தாள். நான் முதுகு நிமிர்த்தும் நேரமெல்லாம் ஒழுங்கையைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன். களைத்த மனிதனுக்கு எதிர்பார்ப்பதும் ஒரு வேலைதான்.

தை முடிகிற நேரம் ஒரு நாள், மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு படலையில் வந்து நின்றது. முதலில் இறங்கியது சம்பந்தி. மாம்பழ நிறச் சேலை உடுத்திருந்தார். மடியில் வைத்து வந்த ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கியிருந்தார். பின்னால் மகள், கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல.

மனைவி ஓடிப்போய் மகளைப் பிடித்தாள். சம்பந்தி நேரே என்னிடம் வந்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"உங்கடை பெட்டி. வெறும் பெட்டியாய்த் தரேலாதெண்டு வைச்சிருந்தனான். சேர்க்க நாள் எடுத்துப்போட்டுது. சவுக்காரம் கிடைச்சாலல்லோ தோய்க்கலாம்."

நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"பிள்ளை பெத்த துடக்குக் கழிஞ்ச பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவன்," என்றார். "ஞானஸ்நானம் எங்கடை கோயிலிலைதான். அதிலை கதையில்லை."

"ஓம், ஓம்," என்றாள் மனைவி மகளின் தோளுக்கு மேலால்.

"திருநீறு பூசுறதெண்டால் நான் காணாத நேரமாய்ப் பூசுங்கோ."

 மகள் மட்டும் சிரித்தாள்.

உள்ளே போய் மனைவி பெட்டியைத் திறந்தாள். முழுக்கப் பழந்துணி. பிறக்கப்போகிற பிள்ளையைச் சுற்றுவதற்கும் அடியில் விரிப்பதற்கும் தேய்ந்து மெதுவான சேலையும் வேட்டியும் சதுரம் சதுரமாகக் கிழித்து, தோய்த்து, வெயிலில் காயவைத்து அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு துண்டில் நின்றாள். ஒரு மூலையில் மங்கிப்போன ஊதாக் கறை. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லைப்போல.

"இஞ்சாருங்கோ, இது உங்கடை வேட்டியல்லோ," என்றாள்.

ஓம் என்றேன். அதையும் மற்றத் துண்டுகளோடு சேர்த்து மடித்து வைத்தாள்.

மகளுக்குக் கால் நனைக்கச் சுடுதண்ணீர் வேண்டும், வந்தவர்களுக்கு முகம் கழுவத் தண்ணீர் வேண்டும். நான் கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டேன். இழுக்கும்போது தோள் பழையபடி வலித்தது. இனிப் பிள்ளைத்துணி தோய்க்கவும் சேர்த்து அள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாம் வாளியையும் விட்டேன்.